ஆளும் கையும்

மனிதரைப் போலவே சொற்களும் தனித்து வாழ்வதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் உறவு உண்டு, பகையும் உண்டு. நெல்லைக் குத்துகிறோம், மாவை இடிக்கிறோம், மஞ்சளை அரைக்கிறோம். இவற்றை மாற்றிச் சொல்பவன் எத்துணை இலக்கணம் கற்றவனாயினும், அவனை அயலூரான் என்று நம் பாட்டிமார் ஒரு நொடியிற் கண்டுகொள்வர். தமிழிலக்கணத்தார் இதனை மரபு என்றனர். தொல்காப்பியனார் தம் நூலின் இறுதி இயலுக்கே மரபியல் என்று பெயரிட்டார். ஆங்கிலத்துக்கும் இத்தகைய மரபு உண்டு. அயல்மொழியாளர் அம்மொழியிற் பேசும்போது தடுமாறுவது பெரும்பாலும் எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்னும் இவ்விடத்திலேயே.

இவ்வாண்டு எங்கள் ஆங்கில வகுப்பில் இத்தகைய சொற்சேர்க்கைகளைத் தலைப்புவாரியாகத் தொகுத்து அச்சிட்ட தாள்களை வழங்கினார்கள். நோயும் மருந்தும், பயணம், பணம் என்று சென்ற வரிசையில் 'வேலையும் வேலையாளும்' என்பதும் ஒன்று. தோழர்கள் தேர்வின்பொருட்டு அதனை நெட்டுருச் செய்தனர். யான் சிறப்புத் தமிழ் பயில்பவன். எந்த வாக்கியத்தைக் கண்டாலும் எழுவாய் எது, செயப்படுபொருள் எது என்று துருவும் நோய் எங்கள் வகுப்பினர்க்கு உண்டு. அந்நோயோடு அத்தாளைப் படித்தேன்.

வேலையாளை 'ஹையர்' செய்கிறார்கள். 'டேக் ஆன்' செய்கிறார்கள். சிறிது காலம் சென்றபின் 'லே ஆஃப்' செய்கிறார்கள், அல்லது 'ஃபயர்' செய்கிறார்கள். 'ஹையர் அண்ட் ஃபயர்' என்பது ஆங்கிலம் பேசுவோரிடையே பழமொழிபோல் வழங்கும் இணை. நம் யாப்பின்படி நோக்கின் நல்ல எதுகையும் அமைந்திருக்கிறது. ஓசை இனிதாயிருத்தலாற்போலும் அதன் பொருளின் கடுமை கேட்போர் காதில் உறைப்பதில்லை. இவ்வினைகள் அனைத்திற்கும் எழுவாய் வேறொருவர். வேலையாள் இரண்டாம் வேற்றுமையுருபைத் தாங்கிக்கொண்டு நிற்கிறான். ஆலையிலும் வயலிலும் எல்லாம் செய்பவன் அவன். வாக்கியத்தில் மட்டும் ஒன்றும் செய்யாதவனும் அவனே.

அத்தாளின் முதல் இரு சொற்களே என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தன. 'எம்ப்ளாயர்', 'எம்ப்ளாயி' என்பன அவை. முன்னது வினைமுதலைக் குறிக்கும் ஈறு பெற்றது. பின்னதன் ஈறு பிரெஞ்சு மொழியினின்று வந்தது, செயப்பாட்டுவினைப் பொருளுடையது. ஒருவர் அமர்த்துபவர், மற்றவர் அமர்த்தப்பட்டவர். ஜெர்மானிய மொழி இவ்விருவரையும் 'வேலை கொடுப்பவர்', 'வேலை எடுப்பவர்' என்று வேறொரு வகையாற் பெயரிட்டது. 1883ஆம் ஆண்டில், மார்க்ஸ் இயற்றிய மூலதனத்தின் மூன்றாம் ஜெர்மானியப் பதிப்புக்கு முன்னுரை வரைந்த எங்கெல்ஸ் இச்சொற்களை எள்ளி நகையாடினார். பிறர் உழைப்பைக் கூலி தந்து பெற்றுக்கொள்பவன் கொடுப்பவனாம். தன் உழைப்பைக் கொடுப்பவன் எடுப்பவனாம் என்பது அவர் காட்டிய முரண். பொருளியலில் அவரோடு உடன்படாதாரும் அவர் இலக்கணத்தைக் குறைகூற இயலாது.

நம்மவர் ஆண்ட இணையோ முதலாளி, தொழிலாளி என்பது. முதலை ஆள்பவர் ஒருவர். தொழிலை ஆள்பவர் மற்றொருவர். இரு சொல்லும் ஒரே அச்சில் வார்த்தவை. ஈற்றில் ஏற்றத்தாழ்வு இல்லை. இதனை யான் விடுதியில் எடுத்துச் சொன்னபோது ஒரு தோழர், "நோயாளி நோயை ஆள்கிறானா? கடனாளியைக் கடனன்றோ ஆள்கிறது?" என்று மடக்கினார். மறுப்பில் உண்மை உண்டு. ஆளி என்பது உடைமைப் பொருளிலும் வரும். ஆயினும் உடைமைப் பொருளே கொள்ளினும் முதலை உடையவர் ஒருவர், தொழிலை உடையவர் ஒருவர் என்றுதானே ஆகிறது? தொழில் தொழிலாளியின் உடைமை என்பதையாவது நம் சொல் ஒப்புக்கொள்கிறது.

இனிக் கைக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஆலைத்தொழிலாளியை 'மில் ஹேண்ட்' என்பர். பண்ணையில் உழைப்பவன் 'ஃபார்ம் ஹேண்ட்'. தலையும் வயிறும் வீட்டிலிருக்கக் கை மாத்திரம் ஆலைக்கு வந்துவிட்டது என்று எண்ணும்படி இருக்கிறது இச்சொல். சார்லஸ் டிக்கன்ஸ் 1854ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஹார்ட் டைம்ஸ்' என்னும் புதினத்தில் இவ்வழக்கைக் கடிந்து நகைத்திருக்கிறார். நம் இலக்கணக் கண்கொண்டு பார்த்தால் இங்கு நிகழ்ந்தது இன்னதென்று தெளிவாக விளங்கும். மூன்றாம் வேற்றுமைக்குக் கருவிப்பொருளும் உண்டு, கருத்தாப்பொருளும் உண்டு. உளியால் செதுக்கினான் என்னுமிடத்து உளி கருவி. சிற்பியால் செதுக்கப்பட்டது என்னுமிடத்துச் சிற்பி கருத்தா. உருபு ஒன்றே, பொருள் வேறு. மனிதனைக் 'கை' என்றழைத்த மாத்திரத்தில் அவன் சிற்பியின் வரிசையிலிருந்து உளியின் வரிசைக்கு இறங்கிவிடுகிறான்.

நம் இலக்கணத்தார் இன்னும் ஒரு படி சென்று, கருத்தாவையே ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என்று இரண்டாகப் பகுத்தனர். கரிகாலனால் கல்லணை கட்டப்பட்டது என்பது முன்னதற்குப் பள்ளிப்பிள்ளைகளும் அறிந்த உதாரணம். கரிகாலன் மண் சுமக்கவில்லை, கல் அடுக்கவில்லை, ஏவினான். தச்சனால் தேர் செய்யப்பட்டது என்பது பின்னதற்கு உதாரணம். ஏவியவனும் இயற்றியவனும் ஒருங்கே கருத்தா எனப்பட்டனர் என்பதை நினைக்குந்தோறும் எனக்கு உவகை உண்டாகிறது. இலக்கணம் உலகியலுக்குப் புறம்பான வறட்டுக் கல்வி என்று கருதும் அறிவியற் பிரிவுத் தோழர்கள் இதனை நோக்குவார்களாக.

மதுரைக்கு இக்'கை'கள் 1892ஆம் ஆண்டளவில் வந்தன. புகைவண்டி நிலையத்தருகே ஹார்வி சகோதரர் நிறுவிய மதுரை ஆலை, ஊரார் நாவில் ஹார்வி மில் என்றே வழங்கிற்று. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் அங்கே நூல் நூற்கச் சென்றனர். முதல் உலகப்போர் முடிவெய்திய காலத்தை ஒட்டி அவர்களைச் சங்கமாகத் திரட்டியவர்களுள் முதன்மையானவர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். கேரள நாட்டுச் செங்கன்னூரிற் பிறந்து மதுரையைத் தம் ஊராக்கிக்கொண்ட இக்கிறிஸ்தவப் பெரியார், குற்றப்பரம்பரைச் சட்டத்தால் அல்லலுற்ற மக்களுக்காக வழக்காடி அவர்களால் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைக்கப்பெற்றவர். தொடக்கத்திற் சங்கத்தின் போராட்டத்தாற் கூலி உயர்ந்தது, வேலைநேரம் குறைந்தது, பின்னர்ச் சங்கம் ஒடுக்கப்பட்டது.

சென்னையில் 1918ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் தோன்றிய தொழிலாளர் சங்கத்துக்கு பி. பி. வாடியா தலைவர், துணைத்தலைவருள் ஒருவர் திரு. வி. கலியாணசுந்தரனார். சென்னை வெஸ்லி கல்விக்கூடத்திற் தமிழாசிரியராயிருந்து, அப்பணியைத் துறந்து 'தேசபக்தன்' ஆசிரியராக அமர்ந்தவர் அவர். ஆலைவாயிலிற் பேசச் சென்ற தமிழ்ப்புலவர் அவர். இலக்கியத் தமிழுக்கும் கூலிக்கணக்குக்கும் உறவில்லை என்று எண்ணும் எம்போன்ற மாணவர் அவர் உரைநடையைப் படித்தல் நலம். தொழிலாளர் என்னும் சொல் அவர் எழுத்திற் பெற்ற பெருமிதத்தை 'ஹேண்ட்' என்பதன் மொழிபெயர்ப்பாகக் கொள்ள எவருக்கும் மனம் வராது.

இவ்வளவும் சொல்லிவிட்டுத் தமிழை மட்டும் உயர்ந்த ஆசனத்தில் இருத்திவிட என் மனம் ஒப்பவில்லை. முதற்கண், கூலி என்னும் பெயரோடு நாம் சேர்க்கும் வினையைப் பாருங்கள். ஆங்கிலேயன் கூலியை 'எர்ன்' செய்கிறான். அஃதாவது உழைத்து ஈட்டுகிறான். தமிழன் கூலி வாங்குகிறான். சம்பாதித்தல், ஈட்டுதல் என்னும் வினைகள் நம்மிடமும் உண்டு. பணம் சம்பாதிக்கிறோம், பொருள் ஈட்டுகிறோம். ஆனால் கூலியையும் சம்பளத்தையும் வாங்கத்தான் வாங்குகிறோம், கடையில் உப்பு வாங்குவதுபோல. உழைத்தவனுக்கு அது முன்னமே உரியதாகிவிட்டது என்னும் குறிப்பு ஆங்கில வினையில் இருக்கிறது. நம் வினையில் இல்லை.

இரண்டாவது, ஆள் என்னும் சொல். ஒரு வயலை நடவுசெய்யப் பத்தாள் ஆகும் என்கிறோம். இங்கு ஆள் ஓர் அளவை, மரக்கால் போல. நெல்லைப் படியால் அளந்து கூலி பெற்றவன் படியாள். அவன் பெயரே அவன் பெற்ற அளவையாயிற்று. கொத்தாகிய தானியக்கூலிக்குத் தலைமுறை தலைமுறையாய்க் கட்டுண்டவன் கொத்தடிமை. இம்முறையைச் சட்டத்தால் ஒழிப்பதற்கு 1976ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. 'கூலி' என்னும் சொல் ஆங்கிலத்துட் புகுந்த வழியைப் பற்றி இரு கருத்துண்டு. தமிழ்க் கூலியே என்பர் ஒரு சாரார்; குஜராத்தில் வாழும் கோலி என்னும் இனத்தின் பெயர் என்பர் மற்றொரு சாரார். எதுவாயினும் ஆகுக, ஒருவனை அவன் பெறும் காசினாலோ பிறந்த குலத்தினாலோ அழைத்தார்களே அன்றி, அவன் செய்யும் தொழிலால் அழைத்தாரில்லை. அப்பெயரைத் தாங்கி நம் நாட்டார் நட்டால் முதல் பிஜி வரை சென்றனர். இலங்கைத் தோட்டங்களுக்கு மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து ஆள்பிடித்துச் சென்றவர் கங்காணிமார். கண்காணி என்னும் நல்ல தமிழ்ச்சொல் சிதைந்து, ஆங்கில ஏடுகளிலும் ஏறியது இவ்வாறே. ஒரு தோட்டத்தினின்று மற்றொன்றுக்கு ஆட்களை மாற்றுங்கால் அவர்கள் பட்ட கடன்தொகையைக் குறித்து அனுப்பிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அம்முறையும் 1921ஆம் ஆண்டில் ஒழிந்தது. மூன்று சொற்கள் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றன என்று நாம் மார்தட்டிக்கொள்ளக்கூடிய மூன்று சொற்களா இவை!

ஆயினும் அவ்வாள் என்னும் சொல்லே எங்கள் ஊரில் வேறொரு கோலம் பூண்டு நிற்கிறது. எங்கள் ஊர் மேலூர் வட்டத்துத் திருவாதவூர். பாண்டியனுக்கு அமைச்சராயிருந்து, குதிரை வாங்கச் சென்ற இடத்தில் திருப்பெருந்துறையிலே இறைவனால் ஆட்கொள்ளப்பெற்றவர் என்று சைவர் போற்றும் மாணிக்கவாசகர் பிறந்த ஊர். ஆட்கொள்ளுதல் என்பது ஆளாக ஏற்றுக்கொள்ளுதல். உலகியலிற் கூறின் வேலைக்கு எடுத்துக்கொள்ளுதல்தான்! அவரை ஆளுடைய அடிகள் என்றே அழைக்கும் வழக்கும் உண்டு. கிறிஸ்தவத் தமிழில் நாம் ஊழியம் என்பதும் இதுவே. சபையில் ஊழியர் என்றால் ஆண்டவர் பணிக்குத் தம்மை ஒப்புவித்தவர். அரசாங்கத்தில் ஊழியர் என்றால் மாதமுதலில் சம்பளம் பெறுபவர். ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்த உபதேசியார் தாம் முழுநேர ஊழியர் என்று சொல்ல, பக்கத்து வீட்டுக் கிழவர் எந்த இலாகா என்று வினவினார்.

எங்கள் ஊர் அடிகளோடு தொடர்புடைய கதைகளுள் மதுரை நகரம் ஆண்டுதோறும் கொண்டாடுவது பிட்டுக்கு மண் சுமந்த கதை. ஆவணி மூலத்தையொட்டி மாணிக்கவாசகர் திருவுருவம் எங்கள் ஊரிலிருந்து மதுரைக்கு எழுந்தருளும். பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் இது 61ஆம் படலம். வையை பெருகிக் கரையை உடைக்க, குடிமக்கள் ஒவ்வொருவர்க்கும் கரையின் ஒவ்வொரு பகுதியை அடைக்கும்படி அரசன் பங்கிட்டான். பிட்டு விற்று வாழ்ந்த வந்தி என்னும் முதியாட்குத் தன் பங்கை அடைக்க ஆளில்லை. அப்போது சோமசுந்தரக் கடவுளே கூலியாளாய் வந்து, பிட்டையே கூலியாகப் பேசி வேலைக்கு அமர்ந்தார் என்பது வரலாறு. கூலியை முன்னரே உண்டார்; மண்ணைக் கொட்டியும் கூடையைப் போட்டும் ஆடிப்பாடி உறங்கினார்; அரசன் பிரம்பால் அடிக்க, அவ்வடி அரசன் உட்பட எல்லார் முதுகிலும் பட்டது. யான் கிறிஸ்தவனாயினும் இக்கதையைக் கேட்டு வளர்ந்தவன். வேலையாள்மீது விழும் அடியை ஊரார் அனைவர் முதுகிலும் படச்செய்த கற்பனைக்கு ஈடாக யான் கற்ற ஆங்கிலப் பாடங்களில் ஒன்றும் கண்டதில்லை.

அக்கதையை ஈண்டு நினைத்ததற்குக் காரணம், அச்சுத்தாளில் இருந்த வேறோர் இணை: 'ஸ்கில்டு லேபர்', 'அன்ஸ்கில்டு லேபர்'. திறனுள்ள உழைப்பு, திறனில்லா உழைப்பு. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், தனித்திறனோ சிறப்புப் பயிற்சியோ இன்றி வயதுவந்த எவரும் செய்யக்கூடிய உடலுழைப்பு என்று பின்னதற்கு இலக்கணம் வகுத்தது. சட்டத்தின் நீண்ட பெயரை எங்கள் ஊரில் எவரும் சொன்னதில்லை. நூறு நாள் வேலை என்றே அழைத்தனர். என் தாயார் அவ்வேலைக்குச் சென்றவர். கண்மாயில் தூர்வாரும்போது ஈரமண்ணை எந்தக் கோணத்தில் வெட்டினால் மண்வெட்டி சிக்காது, கூடையை எவ்வளவு நிரப்பினால் கரையேறும்போது கழுத்து தாங்கும், சும்மாட்டுத் துணியை எத்தனை மடிப்பாய்ச் சுருட்டவேண்டும் என்பனவெல்லாம் அவர் அறிவார். கல்லூரி விடுமுறையில் ஒருநாள் வீட்டுக்கொல்லையில் அக்கூடையை யான் தூக்கிப்பார்த்தேன். பத்தடி சென்றதும் என் தங்கை சிரித்துவிட்டாள். எவரும் செய்யக்கூடிய வேலையாம் அது! புராணத்தின்படி கடவுளே அவ்வேலைக்கு வந்தும் அரசன் பிரம்பால் அடிக்கும்வரை அவர் பங்குக் கரை அடைபடவில்லை.

இதுகாறும் சொற்களை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்று சிலர் கருதலாம். சொல் எவ்விடத்துச் சோறாகிறது என்பதை எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒன்றாற் கூறுகிறேன்.

என் தந்தையார் கல்தொழிலாளி. இளமையில் ஊர் ஊராய்ச் சென்று அம்மியும் ஆட்டுக்கல்லும் கொத்தினார்; பின்னர் மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் குவாரியில் சேர்ந்தார். 2012ஆம் ஆண்டில் முறைகேடுகள் வெளிப்பட்டு மதுரை மாவட்டத்துக் குவாரிகள் மூடப்பட்டபோது, களவு செய்தவர் யார் என்று நாடு பேசிற்று. கல் உடைத்தவர் அடுத்த வாரம் எங்கே சென்றார் என்று பேசியவர் சிலரே. சில காலம் கிடைத்த வேலையைச் செய்தபின், மதுரைக்கு வெளியே கல் அறுத்து மெருகிடும் பட்டறை ஒன்றில் அமர்ந்தார். அங்கே ஒன்பது ஆண்டு உழைத்தார். ஒருநாள், நாளை முதல் வரவேண்டா என்று சொல்லி, ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்திட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. என் தந்தையார் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். சனிக்கிழமை யான் விடுதியிலிருந்து வரும்வரை அதனை வேதாகமத்தினுள் வைத்திருந்தார்.

அதில் இருந்தவை நான்கே வரிகள். யான் வகுப்பில் கற்ற சொற்சேர்க்கைகள் அங்கே வரிசையாய் நின்றன. சொந்தக் காரணங்களை முன்னிட்டு, சுயவிருப்பத்தின்பேரில், 'வாலண்டரி ரெசிக்னேஷன்' தருவதாகவும், வரவேண்டிய பாக்கி ஒன்றும் இல்லையென்றும் அது கூறிற்று. "நீங்களாகவே வேலையிலிருந்து நின்றுகொள்வதாக எழுதியிருக்கிறது, அப்பா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எங்கய்யா நின்னேன்? அவங்கல்ல நிப்பாட்டுனாங்க!" என்றார்.

நில் என்பது தன்வினை. நிறுத்து என்பது பிறவினை. எங்கள் பக்கத்து வழக்கில் அது நிப்பாட்டு. நன்னூலும் அதன் உரையும் படித்த யான் அன்று அறிந்த அளவு தெளிவாக அவ்வேறுபாட்டை அதற்குமுன் அறிந்ததில்லை. ஏனெனில் அவ்விரண்டு வினைக்கும் இடையே 135 நாட் சம்பளம் இருந்தது. 1947ஆம் ஆண்டுத் தொழில்தகராறுச் சட்டத்தில் 1953ஆம் ஆண்டுத் திருத்தம் 'லே ஆஃப்', 'ரிட்ரெஞ்ச்மென்ட்' என்னும் இரு சொற்களுக்கும் வரையறை தந்தது. மின்சாரமோ மூலப்பொருளோ கிடையாமையால் வேலை தரவியலாது போயின் அது 'லே ஆஃப்'. தொழிலாளியின் பெயர் ஏட்டில் நிற்கும். உரிய நிபந்தனைக்குட்பட்டுப் பாதிச் சம்பளம் உண்டு. குற்றத்துக்குத் தண்டனையாகவன்றிப் பிற காரணத்தால் முதலாளி ஒருவரை விலக்கின் அது 'ரிட்ரெஞ்ச்மென்ட்', நம் செய்தித்தாள்கள் கூறும் ஆட்குறைப்பு. முன்னறிவிப்பும், முடிந்த ஒவ்வோராண்டுக்கும் 15 நாட் சம்பளமும் இழப்பீடாகத் தரவேண்டும். தானே விலகியவனுக்கு அவ்விழப்பீடு இல்லை. ஒன்பதைப் பதினைந்தாற் பெருக்கிப் பாருங்கள். இக்காலத்து ஆங்கிலத்தில், அமெரிக்க வழக்கைப் பின்பற்றி, அடியோடு விலக்குவதையும் 'லே ஆஃப்' என்கின்றனர். எங்கள் அச்சுத்தாளும் அவ்வாறே கூறிற்று. தேர்வுக்கு அதுபோதும்.

என் தந்தையார் கையெழுத்திடவில்லை. தொழிலாளர் துறைக்கு அனுப்ப ஒரு மனு எழுதுவதற்காக மேலூரில் மனு எழுதித் தருபவரிடம் சென்றோம். அவர் அனுபவசாலி, 'பணியிலிருந்து நிறுத்தப்பட்டேன்' என்று அழகாக எழுதிப் படித்துக்காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த என் தந்தையார், "யார் நிப்பாட்டுனதுன்னு அதுல வரலையேய்யா?" என்றார். செயப்பாட்டுவினை எழுவாயை மறைக்கும் என்பதை அவருக்கு எவரும் கற்பித்ததில்லை. மனு எழுதுபவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உரிமையாளர் இன்னார் இன்ன தேதியில் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார் என்று அடித்துத் திருத்தினார். மனு இன்னும் நடக்கிறது. இருமுறை பேச்சுக்கு அழைத்தனர். எதிர்த்தரப்பினர் ஒருமுறையே வந்தனர். அதற்கிடையில் அவர் பழையபடி அம்மி கொத்தப் போகிறார். மின்னரைவை வந்தபின் அம்மி வைத்திருப்போர் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும்.

இற்றைநாளில் இவ்விணைகளிலே புதிதாய் ஒன்று சேர்ந்திருக்கிறது. கைப்பேசிச் செயலியின் ஏவலால் உணவுப்பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞரை 'டெலிவரி பார்ட்னர்' என்கின்றனர். பார்ட்னர் என்பதற்கு மதுரைத் தமிழ் பங்காளி. பங்காளி என்றால் பங்கு இருக்கவேண்டும், இல்லையேல் வழக்காவது இருக்கவேண்டும்! மாலையில் அவ்வேலைக்குச் செல்லும் என் விடுதித்தோழர் ஒருவர், பெட்ரோலில் மட்டும் தமக்கு முழுப்பங்கு உண்டு என்று சொல்வார். பெயரில் என்ன இருக்கிறது என்று இதனையும் விட்டுவிட முடியவில்லை. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனின் உச்சநீதிமன்றம் ஊபர் ஓட்டுநர் தனித்தொழில் நடத்துவோர் அல்லர், சட்டத்தின்படி 'வொர்க்கர்'களே என்று தீர்ப்பளித்தபோது, அந்த ஒரு சொல்லோடு குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுமுறையும் அவர்களுக்கு உரியவாயின. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு இத்தகையோர்க்கென நலவாரியம் அமைக்கப்பெற்றது. அவர்களைத் தமிழில் எப்பெயரால் அழைப்பது என்பதில் செய்தித்தாள்களிடையே ஒற்றுமை காணோம். தொழிலாளி என்னும் பழஞ்சொல் சும்மாதான் கிடக்கிறது.

எங்கள் ஊரில் எழுத்தென்று பொறிக்கப்பட்டவற்றுள் மிகப் பழையது ஓவாமலையில் உள்ளது. சமண முனிவர் உறைந்த குகைத்தளத்தின் பாறைமேல் தமிழ்ப் பிராமி எழுத்தில் இரண்டு கல்வெட்டுகள். கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவனார் முதலிய அறிஞரின் கணிப்பு. ஒன்று பாங்காட்டு அரிதன் என்பவரையும் மற்றொன்று உபசன் பரசு என்பவரையும் குறிக்கிறது. இருவர்க்கும் ஒரே வினை: கொட்டுபித்தோன். கொட்டுவித்தவன், அஃதாவது கொத்துவித்தவன், என்பது பொருள். பிறவினை! எங்கள் ஊரின் முதல் எழுத்திலேயே ஏவுதற்கருத்தாவின் பெயர் இருக்கிறது. இயற்றுதற்கருத்தாவின் பெயர் இல்லை. கொத்தியவர் யாரென்று தெரியாமல் இரண்டாயிரம் ஆண்டு கழிந்துவிட்டன.

சென்ற பொங்கல் விடுமுறையில் என் தந்தையாரை அங்கே அழைத்துச் சென்று எழுத்துகளைப் படித்துக்காட்டினேன். அவர் எழுத்தில் அதிகம் நாட்டங்கொள்ளவில்லை. மழைநீர் உள்ளே வழியாதபடி குகையின் நெற்றியில் வெட்டியிருந்த விளிம்பைத் தலை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டே இக்கோடியிலிருந்து அக்கோடி வரை நடந்தார். பின்னர்க் கற்படுக்கையருகே குந்தியமர்ந்து, உளிபட்ட தடங்களின்மீது விரலை வைத்து மெல்ல இழுத்தார். "இதுல ரெண்டு பேர் கை தெரியுதுய்யா" என்றார். எவ்வாறு என்று கேட்டேன். ஒரு பக்கத்துத் தடம் ஆழமாயும் நெருக்கமாயும் இருப்பதையும், மறுபக்கத்தது மேலோட்டமாய் நீண்டு செல்வதையும் காட்டினார். ஆழமாய்க் கொத்தியவன் மூத்தவனாயிருக்கவேண்டுமாம், அவசரப்படவில்லையாம். மற்றவனது தடம் சாயும் பக்கத்தைத் தம் கையில் உளி பிடிப்பதுபோல் பிடித்துப் பார்த்தார், வலக்கையில் ஒத்துவரவில்லை. இடக்கைக்கு மாற்றிப் பிடித்தார். "இவன் ஒரத்தாங்கைக்காரன்" என்று சொல்லி எழுந்து, வேட்டியில் ஒட்டிய பாறைத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.